எலும்பில் சேர்க்கும் சிறுவாடு

1895-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்த ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி, தாம் புதிதாகக் கண்டுபிடித்திருந்த கதிர்களைச் சோதித்துப் பார்க்கத் தம் மனைவி பெர்த்தாவைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் போட்டோ பிளேட்டின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் அசையாமல் இருந்தார். கழுவி எடுத்த படத்தில் விரல் எலும்புகளும், ஒரு விரலில் மோதிரமும் நிழலாகத் தெரிந்தன. உலகப் புகழ் பெற்ற அந்த எக்ஸ்ரே படத்தில் இருப்பது நம்மைப் போன்ற ஒரு குடும்பத் தலைவியின் கை!

காலையில் பால் பாக்கெட்டை வெட்டுவது முதல் ராத்திரி கதவைத் தாழ் போடுவது வரை அந்தக் கையால்தானே நமக்கு எல்லாக் காரியமும் நடக்கிறது? ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள் இருக்கின்றன. ஆனால் வலி வந்தாலொழிய நாம் எலும்பைப் பற்றி நினைப்பதே கிடையாது. முகத்துக்குப் பயத்தமாவு, தலைக்கு சீயக்காய், எலும்புக்கு என்ன? கேட்டால் சிரிப்பு வரும்.

சென்ற வருஷம் எங்கள் அத்தை (மாமியார்) குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் எலும்பை முறித்துக்கொண்டார். வயது 71. ஆபரேஷன், அப்புறம் மூன்று மாதம் வாக்கர். எலும்பு டாக்டரிடம் போய் வந்து கேட்டுக்கொண்டதையும், என் மகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணிப் பார்ப்போமா?

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 270 முதல் 300 எலும்புகள் உண்டு. வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று கூடிக்கொள்வதால், பெரியவர்களானதும் 206 ஆகிவிடுகிறது.

இந்த 206-ல் உடம்பின் நடுத்தூணாக இருப்பவை 80. தலையிலும் முகத்திலும் 22, இரண்டு காதுகளுக்குள்ளும் சேர்த்து 6, நாக்கின் அடியில் 1, முதுகுத்தண்டில் 26, விலா எலும்புகள் 24, நெஞ்செலும்பு 1. மீதி 126-ம் கை, கால், தோள், இடுப்பைச் சேர்ந்தவை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை இரண்டு கையிலும் 54, பாதங்கள் இரண்டிலும் 52. ஆக, மொத்த எலும்பில் பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலும்தான்! கோலத்தில் மெல்லிசாக இழை இழுப்பதும், பூ தொடுப்பதும் அதனால்தான் முடிகிறது.

மிக நீளமானது தொடை எலும்பு. மிகச் சிறியது காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஒரு சின்ன எள் அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உயிருள்ள களஞ்சியம்

எலும்பு என்றதும் காய்ந்த விறகுக் கட்டை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அதற்குள் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் சிவப்பு மஜ்ஜைதான் ரத்த அணுக்கள் பிறக்கிற இடம். ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய இருபது லட்சம் சிவப்பணுக்கள் அங்கே உற்பத்தியாகின்றன.

இன்னொரு ஆச்சரியம், எலும்பு நாள் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. பழைய சுவரைப் பெயர்க்க ஒரு கோஷ்டி, புதுசாகப் பூச ஒரு கோஷ்டி என்று இரண்டு வகை செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஏறக்குறைய பத்து வருஷத்தில் எலும்புக்கூடு முழுக்கப் புதிதாகிவிடுகிறது. எலும்பு முறிந்தால் கூடுவதும் இந்தக் கொத்தனார்களின் கைங்கரியம்தான்.

நம் உடம்பில் உள்ள கால்சியம் என்கிற சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரே ஒரு பங்குதான் ரத்தத்திலும் தசைகளிலும். ஆனால் அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் இதயம் சரியாகத் துடிக்காது, தசை இயங்காது. ஆகவே ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், உடம்பு யாரையும் கேட்காமல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

நம் அம்மாக்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சிறுவாடு சேர்த்து வைப்பார்களே, ஆபத்துக்கு அதுதானே கைகொடுக்கும்? எலும்பும் அப்படி ஒரு சிறுவாட்டுப் பானைதான். ஒரு வித்தியாசம். இதில் போடுவதற்கு வயது உண்டு. சுமார் முப்பது வயது வரைதான் பானை நிறையும். அதற்கப்புறம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாமே தவிர, பெரிதாகச் சேர்க்க முடியாது.

கீலும் குழவியும் திருகையும்

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. நம் வீட்டுச் சாமான்களை வைத்தே மூட்டுகளைப் புரிந்துகொள்ளலாம்.

கதவின் கீல் ஒரே திசையில்தானே மடங்கும்? முழங்கையும் முழங்காலும் அந்த ரகம். ஆட்டுக்கல்லின் குழியில் குழவி எல்லாப் பக்கமும் சுழல்கிறதல்லவா? தோளும் இடுப்பும் அப்படி, பந்துபோன்ற தலை ஒரு கிண்ணத்துக்குள் சுழலும். பாட்டி வீட்டுத் திருகையில் நடு முளையைச் சுற்றி மேல்கல் சுற்றுமே, கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் அந்த மாதிரி முளையும் வளையமுமாக இருப்பதால்தான் 'மாட்டேன்' என்று தலையை ஆட்ட முடிகிறது. மண்டை ஓட்டின் எலும்புகளோ தையல் போட்டது மாதிரி இறுகி அசையாமல் இருப்பவை.

அசையும் மூட்டுகளில் எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடுவே முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பான ஒரு திரவம். இந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பின்னே எப்படிச் சாப்பாடு கிடைக்கிறது? நாம் நடக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கி விரியும். அப்போதுதான் அந்தத் திரவத்திலிருந்து ஊட்டம் உள்ளே போகும். "முட்டி வலிக்குது, அசையாமல் உட்கார்ந்திருக்கேன்" என்று நாள் கணக்கில் உட்கார்ந்துவிட்டால் மூட்டு பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

விரலில் சொடக்கு எடுத்தால் எலும்பு தேய்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

மடியில் குழந்தை இருக்கிறதா?

இளம் தாய்மார்கள் இதைக் கவனித்துப் படிக்கவேண்டும்.

குழந்தையின் உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடிக்கொள்ளும். அதில் எண்ணெயை ஊற்றி அழுத்தித் தேய்ப்பதோ, தலை உருண்டையாக வரவேண்டும் என்று பிடித்துவிடுவதோ வேண்டாம். அது ரொம்பக் குழி விழுந்தாற்போல் இருந்தாலும், குழந்தை அமைதியாக இருக்கும்போதே புடைத்துத் தெரிந்தாலும் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்குவது, பஸ் வந்துவிட்டதென்று கையை வெடுக்கென்று இழுப்பது, இரண்டு கையையும் பிடித்துச் சுற்றி விளையாடுவது, எதுவும் கூடாது. முழங்கை எலும்பு நழுவிவிடும். குழந்தை அழுதுவிட்டுக் கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொள்ளும். தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கவேண்டும்.

துணியில் சுற்றும்போது காலை நீட்டி இறுகக் கட்டாதீர்கள். தவளை மாதிரி கால் மடங்கி விரிந்திருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. அந்த வகையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கம் நல்ல வழக்கமே.

கருவில் இருக்கும் குழந்தை, பிறக்கும் வேளைக்குள் தாயிடமிருந்து சுமார் 30 கிராம் கால்சியத்தை வாங்கிக்கொள்கிறது. பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். தாய்ப்பால் கொடுக்கும்போதும் தாயின் எலும்பிலிருந்து கொஞ்சம் போகும். பயப்பட வேண்டாம், பால் மறந்தபின் பெரும்பாலும் திரும்பிவிடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வயதுக்கு வந்த பெண் குதிக்கலாமா?

தாராளமாகக் குதிக்கலாம், குதிக்கவும் வேண்டும்! பெண் குழந்தைகளுக்கு வயதுக்கு வருவதை ஒட்டிய இரண்டு வருஷத்தில் மட்டும், பெரியவளானபின் இருக்கப்போகும் எலும்பில் சுமார் நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. பதினெட்டு வயதுக்குள் பானை ஏறக்குறைய நிரம்பிவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் "இனிமே என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கு? அடக்கமா உட்காரு" என்று வீட்டில் உட்கார்த்தி வைக்கிறோம். ஸ்கிப்பிங் கயிறும், பாண்டி ஆட்டமும், மாடிப்படி ஏறுவதும் எலும்புக்கு உரம். பாரம் தாங்கத் தாங்கத்தான் எலும்பு கெட்டிப்படும்.

பெரிய மனுஷியான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்களே, அதை விட்டுவிடாதீர்கள். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தோடு புரதமும் வேண்டும், உளுந்தில் அது நிறைய இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அதுவரை எலும்புக்குக் காவலாக இருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அப்போது குறைகிறது. உடனே இடிக்கும் கோஷ்டிக்குக் கொண்டாட்டம், பூசும் கோஷ்டி பின்தங்கிவிடும். மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாறு வருஷத்தில் சிலருக்கு எலும்பில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கரைந்துபோகிறது. இப்படி உள்ளே சல்லடையாகிப் போவதைத்தான் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புப்புரை என்கிறார்கள். இதில் வலி இருக்காது. அதுதான் ஆபத்து.

எங்கள் அத்தை விழுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பிருந்தே, "இப்ப வர்ற சேலையெல்லாம் உயரம் ஜாஸ்தியா இருக்கும்மா, கொசுவம் தரையைப் பெருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேலை நீளவில்லை. அவர்தான் குறுகிப்போயிருந்தார். முதுகெலும்புகள் மெல்ல நசுங்கி உயரம் குறைவதும், கூன் விழுவதும் இந்த நோயின் அடையாளம் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வழுக்கி விழுந்தது ஒரு காரணம்தான், எலும்பு முன்பே பலம் இழந்திருந்தது என்றும் அவர் விளக்கினார்.

உங்கள் அம்மாவோ மாமியாரோ சேலை உயரத்தைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்ற ஸ்கேன் இருக்கிறது. வலியில்லாத சோதனை. அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று பொருள். அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத ரப்பர் விரிப்பு, ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு, இந்த மூன்றையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

என்ன சாப்பிடுவது?

பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் சொல்லியிருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கும், மாதவிலக்கு நின்றவர்களுக்கும் 1200. மலைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள் (எல்லாம் சுமாராக):

பால் 300 மில்லி – 360
தயிர் ஒரு கிண்ணம் (150 கிராம்) – 180
கேழ்வரகு மாவு 50 கிராம் – 175
முருங்கைக்கீரை 50 கிராம் – 150
எள் 10 கிராம் – 125

கூட்டினால் 990! இதில் விலை உயர்ந்த சாமான் ஒன்றும் இல்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் நெத்திலி மாதிரி முள்ளோடு மெல்லும் சின்ன மீன்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சில தப்பான எண்ணங்களையும் சொல்லிவிடுகிறேன். எள்ளில் இருக்கும் கால்சியம் நல்லெண்ணெயில் வராது, பிண்ணாக்கோடு போய்விடும். ஆட்டுக்கால் சூப் தெம்பாக இருக்கும், ஆனால் எலும்பில் உள்ள கால்சியம் சூப்பில் கொஞ்சம்தான் இறங்கும். பசலைக் கீரையில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது. உப்பு ஜாஸ்தியானால் சிறுநீரில் கால்சியம் அதிகம் வெளியேறும். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைப்பது ரத்தக் கொதிப்புக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் நல்லது. "வெத்தலையில சுண்ணாம்பு போடுறேனே, போதாதா?" என்று கேட்கும் பாட்டிமார்களுக்கு: பாக்கும் புகையிலையும் வாயில் புற்றுநோய் வரவழைப்பவை. அந்த வழியில் சுண்ணாம்புச் சத்து வேண்டவே வேண்டாம்.

எள்ளு–கறிவேப்பிலைப் பொடி

கறுப்பு எள் 100 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, உளுத்தம்பருப்பு 4 டேபிள்ஸ்பூன், மிளகாய் வற்றல் 6, கொட்டைப்பாக்கு அளவு புளி, பெருங்காயம், உப்பு திட்டமாக.

எள்ளைக் கழுவி வடிகட்டி உலர்த்தி, வெறும் வாணலியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து எடுங்கள். பருப்பு, மிளகாய், பெருங்காயம், புளியைத் தனியாக வறுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்து, மொறுமொறுப்பாகும்வரை வறுக்கவேண்டும். ஆறியதும் மற்றவற்றை உப்போடு முதலில் பொடித்து, கடைசியில் எள்ளைப் போட்டு மிக்ஸியை விட்டு விட்டு இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கிவிடும். சூடான சாதத்தில் ஒரு ஸ்பூன் போட்டுப் பிசைந்தால் குழந்தைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். முழு எள் ஜீரணமாகாமலே வெளியேறிவிடக்கூடும், பொடித்துச் சாப்பிடுவதே மேல்.

வெயிலும் தண்ணீரும்

எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும் வைட்டமின் டி இல்லாவிட்டால் அது குடலிலிருந்து சரியாக உடம்பில் சேராது. குழந்தைகளுக்குக் கால் வில்லாக வளையும் ரிக்கெட்ஸ் வருவதும் இது குறைவதால்தான். வெயில் கொட்டுகிற நாட்டில் இருந்துகொண்டு நாம் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் நம்மில் பலருக்கு இது போதவில்லை. விடியற்காலை இளவெயில் சுகமாக இருக்கும், ஆனால் அதில் இந்த வைட்டமின் அதிகம் உண்டாகாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரமே சரி. பத்து மணி வாக்கில் வடாம் காயப்போட, துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனால் கால் மணி, அரை மணி முகமும் கையும் வெயிலில் படும்படி இருங்கள். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது.

சில ஊர்களில் தண்ணீரே எலும்புக்குப் பகை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமிருந்தால் பல்லில் கறை விழும், வருஷக் கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிப்போகும். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை மருத்துவர்கள் 1937-லேயே எழுதி வைத்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இந்தத் தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீர் குடிக்க உதவாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது.

முட்டி வலிக்கு

உடம்பின் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. அதைவிட நல்ல தைலம் உண்டா? தினம் அரை மணி நடை, நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டிப் பத்து எண்ணி இறக்கும் பயிற்சி, இரண்டும் போதும். யாரோ கொடுத்தார்கள் என்று பெயர் தெரியாத பொடியும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அப்போதைக்கு வலி பறந்துவிடும், எலும்பு அரித்துப்போகும்.

அடிபட்டு எலும்பு முறிந்ததோ என்று சந்தேகம் வந்தால், இழுத்துப் பார்க்காமல் ஒரு அட்டையோ ஸ்கேலோ வைத்து அசையாமல் கட்டி எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். எந்தக் கட்டுப் போட்டாலும் விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்குப் பால், அவருக்கு கெட்டித் தயிர், மாமனாருக்கு ஹார்லிக்ஸ் என்று பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டு, பாத்திரத்தில் மிச்சமிருப்பதில் தண்ணீரை விளாவிக் காப்பி போட்டுக் குடிப்பது நம்மில் எத்தனை பேர்? எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "எனக்கென்னக்கா, ஆகாரம் இறங்கினால் சரி" என்றே பதில் வருகிறது. அத்தையும் நாற்பது வருஷமாக அப்படித்தான் இருந்தார். இன்று ராத்திரி பால் காய்ச்சியதும், மற்றவர்களுக்கு ஊற்றுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு டம்ளர் தனியாக எடுத்து வையுங்கள்.